நேசம் மச்சாளுக்கு, ஒரு பாய் தூரத்திலிருந்து

என் ஆசை மச்சாள் நேசத்துக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். நீ போயிருக்கிற இடத்தில் சுகத்துக்கு என்ன குறை இருக்கப் போகிறது. ஆனால் நம் ஊர் குருக்கள்மடத்தில் நடக்கிற புதினத்தை அங்கே உனக்கு யார் சொல்லுவார்கள்? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகள். மகன் வீட்டுக் கஜன் செங்கலடியில் சொந்தமாக மோட்டார் சைக்கிள் கராஜ் போட்டுவிட்டான். பெயர்ப் பலகையில் தன் பெயருக்கு மேலே உன் அண்ணனின் பெயரை எழுதியிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு வந்த நாள் உன் அண்ணன் சாப்பிடவும் மறந்துபோனார். கஜனின் தங்கைக்கு ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு ஏ. நம் இரண்டு குடும்பத்திலும் கணக்கு யாருக்கு வந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். மகள் ராணியின் கடைக்குட்டி பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் ஓடி, மூன்றாமிடம் வந்து, கிண்ணம் கொண்டுவந்தாள். கிண்ணம் சின்னதுதான். ஆனாலும் அலுமாரியில் உன் பூப்போட்ட கிளாஸ்களை ஒதுக்கித்தான் அதற்கு இடம் பிடித்தோம். கோவிக்காதே.

ராணியின் மூத்தவளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உன் நிரோ.

நிரோ டீவியில் வருகிறாள், மச்சாள்.

செய்தி வாசிக்கிறவளாக வரவில்லை. செய்தி போகும்போது திரையின் இடது பக்கத்துக் கீழ் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று, வாசிக்கிறதையெல்லாம் கையால் சொல்லிக்கொண்டிருப்பார்களே, அதைச் செய்கிறாள். நீ இருந்த காலத்தில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு பொடியன் வருவான். அவன் கை ஓடுகிற வேகத்துக்குப் பாதிதான் விளங்குகிறது என்பாய். பாதியாவது விளங்குகிறதே என்றும் சொல்லுவாய். அந்த இடத்தில்தான் இப்போது உன் இடுப்பில் வளர்ந்த பிள்ளை நிற்கிறாள்.

இந்தக் கடிதத்தை நிரோவுக்கு அனுப்பப் போகிறேன். அவள் தட்டி, எல்லாரும் வாசிக்கிற இடத்தில் போடுவாளாம். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுவில் சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, நீ மூன்று. எட்டு வயதில் வந்த காய்ச்சல் உன் காதைக் கொண்டுபோனது. படித்த எழுத்தையும் பேசின பேச்சையும் அதனால் கொண்டுபோக முடியவில்லை. சத்தம் மட்டும் உனக்கு அளவு தெரியாது. இரகசியம் சொன்னால் வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்துக்கும் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேருவார். உன் அண்ணனும் பழுகாமத்தில் இருந்து அப்படித்தான் வந்தார். உங்கள் அம்மா கண்ணை மூடிய பிறகு, ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீயும் வாவியைக் கடந்து வந்தாய். பெண் வீட்டில் சீதனமாய் வீடு குடுத்தார்கள், இது மாப்பிள்ளை வீட்டுச் சீதனமா என்று சனங்கள் கேட்டார்கள். ஓம் என்று சொன்னேன். எனக்கு வந்த சீதனம் மோசமில்லை.

பிறகு சண்டை நடந்த கெட்ட காலம் வந்தது. பின்னால் இருந்து யாராவது நில் என்று சொன்னால் நீ நடந்துகொண்டேதான் இருப்பாய். அதனால் ரோட்டில் இறங்கினால் உன் கை என் கைக்குள் இருக்கும். அந்தக் காலம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒற்றைக் கையால்தான் சாமான் தூக்கினோம். நினைவிருக்கிறதா?

நிரோ பிறந்து, ராணி தையல் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, பிள்ளை உன்னிடம்தான் நின்றாள். பேச்சு வருவதற்கு முன்னம் அவளுக்குக் கை வந்துவிட்டது. விரலைக் குவித்து வாயில் வைத்தால் சோறு. பத்து விரலையும் மேலேயிருந்து இறக்கினால் மழை. மீசையை முறுக்கினால் உன் அண்ணன். கன்னத்தை உள்ளேயிருந்து நாக்கால் தள்ளினால் நான், எப்போதும் வெற்றிலை போடுகிறேன் என்று. வாயைத் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டு வயது தாண்டியது.

மருமகனின் தாய் வந்திருந்த அன்றைக்கு, விறாந்தையில் இருந்துகொண்டு, ராணியிடம் ஒரு கதை சொன்னா. "இப்படியே விட்டா புள்ளைக்கு வாய் வராது மகள். செவிடியோட சேந்து ஊமையாப் போயிடும்."

உனக்குக் கேட்காது என்று நினைத்துத்தான் சொன்னா. நீ வாயைப் பார்த்து வாசிப்பாய் என்று அவவுக்குத் தெரியாது. நீ நிரோவை இடுப்பில் இருந்து இறக்காமலே, உன் சத்தத்தில் பதில் சொன்னாய்.

"வாய் வரும் கா. உங்களுக்கு வந்த அளவு வராட்டியும் காணும்."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கு அவ மூன்று பொங்கலுக்கு எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

உன்னிடம் ஒரு சைகை இருந்தது. அதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை, நீயே உண்டாக்கினாய். நாங்கள் சொல்லுகிற ஒன்று உனக்கு நன்றாக விளங்கிவிட்டால், இரண்டு விரலால் காதுச் சோணையைப் பிடித்து மெல்ல இழுப்பாய். பிறகு அந்தக் கையை விரித்து நெஞ்சில் வைப்பாய். கேட்டுது, ஆனால் இதால் கேட்கவில்லை, இதால் கேட்டது. அதுதான் அதற்கு அர்த்தம். தாயைப் பார்த்து உன்னை நேசமாமி என்றே கூப்பிட்ட நிரோ பள்ளிக்கூடம் போகும்போது வாசல் படலையில் நின்று அதைக் காட்டுவாள், நீயும் காட்டுவாய். கொழும்புக்குச் சைகை மொழி படிக்கப் போன அன்றைக்கு பஸ் யன்னலுக்குள் இருந்தும் அதைத்தான் காட்டினாள்.

இனி டீவிக்கு வருகிறேன்.

பழைய டீவி உனக்கு நினைவிருக்கும். பெட்டி பெரிது, படம் சின்னது. பேசுகிறவர்களின் வாய் தெரியவேண்டும் என்று நீ அதற்கு மூக்குக்கு மூக்கு போய் இருப்பாய். பின்னால் இருந்த எங்களுக்கு உன் கொண்டை மட்டும்தான் தெரியும். எவ்வளவு கத்தினாலும் உனக்குக் கேட்காது, அதனால் உன் அண்ணன் தலையணையை எடுத்து உன் முதுகில் எறிவார். நீ திரும்பி அவரைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடியும் டீவிக்குள் போய்விடுவாய். கடைசியில் இரண்டு பேருக்கும் சமாதானமாகி, இடது பக்கத்துச் சுவரோரம் பாயைப் போட்டுத் தந்தார். அங்கேயிருந்தால் உனக்கு வாய் தெரியும், எங்களுக்குப் படம் தெரியும். அதுதான் நேசத்தின் இடம் என்று ஆகிவிட்டது. வேறு யாரும் அதில் இருப்பதில்லை.

லீவில் போன ஒருவருக்குப் பதிலாக இரண்டு நாளைக்கு மத்தியானச் செய்திக்கு வரச்சொல்லி நிரோவைக் கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக எடுப்பதா இல்லையா என்று சொல்லுவார்களாம். கேள்விப்பட்ட கையோடு மருமகன் மட்டக்களப்பு டவுனுக்குப் போய், கதவு போல ஒரு டீவியை ஆட்டோவுக்குள் நிறுத்திவைத்துக் கொண்டுவந்தார். பூட்டுவதற்கு ஒரு தம்பி வந்தார். சாமிப்படம் மாட்டுகிற உயரத்தில் சுவரில் நாலு ஓட்டை போட்டு, இறுக்கி, இவ்வளவு பெரிய டீவியைத் தள்ளி இருந்துதான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது பிழையில்லை. அவர் படம் பார்க்கிறவர்களுக்குச் சொன்னார். மூலையில் நிற்கிற பேத்தியைப் பார்க்க வந்தவர்களுக்கு என்ன தூரம் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நம் வீட்டுப் பழக்கமும் உனக்குத் தெரியும்தானே. ஆட்கள் வந்தால் கதிரைகளைப் பின்சுவரோடு வரிசையாகப் போடுவோம். வீட்டில் மூத்தவருக்கு நடுவில் கைக்கதிரை. நடு ஹோலில் பாயும் பிள்ளைகளும். அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை எவ்வளவு பெரிதோ, டீவிக்கும் எனக்கும் இருந்த தூரமும் அவ்வளவு பெரிதாகப் போய்விட்டது.

முதல் நாள் காலையில் நிரோ போன் எடுத்தாள். "அம்மம்மா, செய்தி முடிய எல்லாருக்கும் வணக்கம் காட்டுவன். அதுக்குப் பிறகும் கண்ணை எடுக்காதீங்க. நேசமாமிக்கு ஒண்டு காட்டுவன்." அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

மத்தியானம் வீடு கொள்ளாத சனம். மருமகனின் தாய் தன் பசனைக் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்திருந்தா. நான் புதுச் சீலை கட்டிக் கைக்கதிரையில் இருந்தேன். செய்தி தொடங்கியது. மந்திரி ஒருவரின் மூக்கு தேங்காய் அளவில் தெரிந்தது. என் பேத்தி எங்கே என்று பார்க்கிறேன். என் பெருவிரல் அளவுக்கு ஏதோ ஒன்று மூலையில் அசைந்தது. எனக்கு வலது கண்ணுக்குத்தான் சத்திரசிகிச்சை முடிந்திருக்கிறது, இடது கண் இன்னும் முறைக்குக் காத்திருக்கிறது. போதாததற்கு, உச்சி வெயில் வாவியில் பட்டு யன்னலால் வந்து அந்த மூலையிலேயே விழுந்தது. வெள்ளை வெளிச்சத்துக்குள் ஒரு நிழல் கை வீசுவதுதான் எனக்குத் தெரிந்தது.

முடிகிற நேரம் எல்லாரும் எழும்பிக் கைதட்டிவிட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு வரிசை முதுகு. அந்த முதுகுகளுக்கு நடுவில் மருமகனின் தாய் சொல்லுவது கேட்டது. "பாவம், புள்ளைக்குத் தோடு உறுத்துது போல. காதைப் பிடிச்சு இழுக்குது."

காட்டிவிட்டாள். ஊரில் உள்ள சனமெல்லாம் பார்த்தது. நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நிரோ போனில் வந்தாள். "கண்டீங்களா அம்மம்மா?"

"இல்ல மனே. காணல்ல."

அவள் சொன்னாள், நாளைக்கும் காட்டுவேன், ஆனால் நாளைக்கு மட்டும்தான் என்று. நிரந்தரமாக எடுத்துவிட்டால் அப்படித் தன் எண்ணத்துக்கு ஒன்றைச் சேர்க்க முடியாதாம். அடுத்த தரம் தோட்டைக் கழட்டி வைத்துவிட்டு வா என்று சொல்லிவிடுவார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தச் சைகை என்னவென்று விளங்குகிறவர்கள் இந்த உலகத்தில் எத்தனை பேர், மச்சாள்? உனக்காகக் காட்டுகிறாள். நீ இல்லாத இடத்தில் அதை வாங்க நான்தானே இருக்கிறேன்.

சனம் போன பிறகு டீவிக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தேன். படம் புள்ளி புள்ளியாய் உடைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. இடது மூலையைப் பார்த்தால் வலது மூலை இல்லை. அதற்கு நேரே கீழே பாய் போட்டு இருந்து பார்த்தேன். கோபுரத்தில் கிளி இருக்கிறதா என்று பார்க்கிறதுபோல அண்ணாந்து அண்ணாந்து பிடரி பிடித்துக்கொண்டது. ராணி தைலம் பூசிவிட்டாள். தள்ளிப் போனால் பிள்ளை இல்லை, கிட்ட வந்தால் கண் இல்லை. ஒரு டீவி பார்ப்பதற்கு இவ்வளவு பாடா?

விடிந்ததும் மருமகனைக் கூப்பிட்டு, டீவியைக் கழட்டச் சொன்னேன். அவர் பல் தீட்டிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"மாமி, நாலு ஓட்டை போட்டு இறுக்கினது. செவுரு என்னத்துக்கு ஆகும்?"

"செவுரு என்ட. நான் ராணிக்குக் குடுத்தது. ஓட்டையை நான் பாத்துக்கொள்றன், நீங்க கழட்டுங்க மனே."

சீதன வீட்டில் மாமியார் சுவரைப் பற்றிக் கதைத்தால் மருமகன் என்ன சொல்ல முடியும். சிரித்துக்கொண்டு திருப்புளியை எடுத்தார். இதற்குள் உன் அண்ணன் என்னவாம் என்னவாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். உனக்கு ஒரு புதினம் சொல்ல மறந்துவிட்டேன். அவருக்கும் இப்போது காது மந்தம். கத்திச் சொன்னால் கோவம் வருகிறது, மெல்லச் சொன்னால் கேட்காது. அதனால் உன் பாஷையில்தான் அவரோடு கதைக்கிறேன். இரண்டு சுட்டுவிரலாலும் ஒரு சதுரம் கீறி, கையைக் கீழே இறக்கிக் காட்டினேன். டீவி, கீழே. உடனே விளங்கி, மருமகனுக்கு மற்றப் பக்கம் பிடிக்கப் போய்விட்டார். அந்த நாளில் உன் கையைப் பார்த்து, இதென்ன கொசு அடிக்கிறாயா என்று பகிடி பண்ணின மனிசன்.

டீவியின் கால் இரண்டையும் பெட்டிக்குள்ளேயே பத்திரமாய் வைத்திருந்தேன். அதைப் பூட்டி, நம் பழைய மர வாங்கின் மேல் நிறுத்தினோம். பாயில் இருக்கிற ஆளின் கண்ணுக்கு நேரே திரையின் நடு வந்தது. பிடரி நோவுக்கு விடை கிடைத்தது. அடுத்தது தூரம்.

காலையில் சமையல் நிகழ்ச்சி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் பின்சுவரில் இருந்து தொடங்கினேன். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பெருவிரலைத் தூக்கிப் பிடித்தேன். பிள்ளை நிற்கிற கட்டம் வரப்போகிற மூலை முழுக்க விரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அது சரிவராது. கொஞ்சம் கிட்ட நகர்ந்தேன், இன்னும் கொஞ்சம். ராணி குசினியில் இருந்து எட்டிப் பார்த்து, அம்மா ஆருக்கு விரல் காட்டுறீங்க என்று கேட்டாள். விரலைச் சுற்றி மூலை நன்றாய் வெளியே தெரிகிற இடம் ஒன்று வந்தது. அங்கே இருந்து பார்த்தால், தலையைத் திருப்பாமலே திரையின் இரண்டு பக்கமும் கண்ணுக்குள் அடங்கியது. படமும் உடையவில்லை. சமையல்காரி ஒரு கறியை வைத்து இறக்கும்வரை அங்கேயே இருந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை. ராணி தன் சீலை ஒன்றை யன்னலுக்குக் கட்டி வாவி வெளிச்சத்தை மறைத்தாள். ஹோல் இருட்டாகவும் கூடாது, இருட்டுக்குள் டீவி கண்ணைக் குத்தும் என்று நிரோ சொல்லியிருந்தாள், அதனால் பின்கதவைத் திறந்துவிட்டோம்.

பிறகு அந்த இடம் மறந்துபோகாமல் இருக்க, வாங்கில் இருந்து பாயை நெடுக்காக விரித்துப் பார்த்தேன். பாய் முடிகிற இடம். ஒரு பாய் தூரம், அவ்வளவுதான். அதே தூரத்தில் கொஞ்சம் இடது பக்கமாய், பிள்ளை நிற்கிற மூலைக்கு நேரே நகர்ந்து, சுவரோரமாய்ச் சப்பாணி கட்டி இருந்தேன்.

அப்போது என் முதுகில் ஏதோ வந்து விழுந்தது. தலையணை.

திரும்பிப் பார்த்தால் உன் அண்ணன் கைக்கதிரையில் இருந்து சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார். "அது நேசத்தின்ட இடம் புள்ள," என்றார்.

இவ்வளவு நேரம் விரலை நீட்டி நீட்டி நான் தேடிக் கண்டுபிடித்தது உன் இடம், மச்சாள். சிவப்புச் சீமெந்தில் உன் பாய் கிடந்த அந்தத் துண்டு மட்டும் இன்னும் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. அதில்தான் இருந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் சனம் மறுபடியும் வந்தது. நான் எழும்பவில்லை. மருமகனின் தாய் உள்ளே வந்து, என்னைத் தரையில் கண்டு, நின்றுவிட்டா.

"என்ன மச்சாள், வீட்டுக்காரி தரையில?"

"நான் பேத்தியைப் பாக்க வந்த ஆள் கா. மந்திரியைப் பாக்கிறவங்க கதிரையில இரிக்கலாம்."

அவ கதிரை வரிசையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு சீலையை ஒதுக்கிக்கொண்டு, பாயில் கொஞ்சம் அரக்கி இடம் விடச் சொன்னா. விட்டேன். நிரோ அவவுக்கும் பேத்திதானே. அவ இறங்கியதும் பசனைக் கூட்டமும் இறங்கியது. கதிரையில் உன் அண்ணன் மட்டும்தான் மிச்சம்.

செய்தி தொடங்கியது. மூலையில் கட்டம் வந்தது. கட்டத்துக்குள் நிரோ.

எனக்கு அவளின் விரல் தெரிந்தது, மச்சாள். ஒவ்வொரு விரலும். நெற்றியில் பொட்டு, காதில் நீ குடுத்த சிவப்புக்கல் தோடு. கறுப்புச் சட்டை போட்டிருந்தாள், கை எடுப்பாய்த் தெரியவேண்டும் என்பதற்காக அப்படித்தான் போடுவார்களாம். அவள் படித்த மொழி வேறு, உன் மொழி வேறு, எனக்கு முக்கால்வாசி விளங்கவில்லை. ஆனால் கிழக்கில் மழை வருமென்று வாசிக்கும்போது, பத்து விரலையும் மேலேயிருந்து இறக்கினாள். மழை எந்த மொழியிலும் மேலேயிருந்துதானே விழுகிறது. பக்கத்தில் இருந்தவவை இடித்துச் சொன்னேன், இது நேசம் படிப்பிச்சது என்று.

வாசிக்கிறவர் வணக்கம் சொன்னார். நிரோவும் கையைக் கூப்பினாள். இந்தத் தரம் யாரையும் எழும்ப விடவில்லை, முதலே சொல்லிவைத்திருந்தேன். கூப்பிய கை பிரிந்தது. வலது கை காதுக்குப் போனது. இரண்டு விரல் சோணையைப் பிடித்து மெல்ல இழுத்தது. பிறகு கை விரிந்து நெஞ்சுக்கு வந்தது. வந்து, அங்கேயே நின்றது. அந்தச் சின்னக் கட்டம் மறையும்வரை அங்கேயே நின்றது.

நான் திருப்பிக் காட்டினேன். டீவிக்குள் இருக்கிறவளுக்குத் தெரியாதுதான். தெரியாவிட்டால் என்ன. கைக்கதிரையில் உன் அண்ணனும் காட்டினார். கேட்டுது, நேசம். எங்கள் எல்லாருக்கும் கேட்டுது.

அது என்ன, தோடு உறுத்துவதில்லையா என்று மருமகனின் தாய் கேட்டா. சொல்லிக் குடுத்தேன். அவ தன் காதைத் தானே பிடித்து இழுத்து, கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தா. இந்தத் தரம் நான் சிரிக்கவில்லை. வாய் வராது என்று சொன்ன பிள்ளை நாடு முழுக்கக் கையால் செய்தி சொல்லுகிறாள். அதற்கு மேல் நான் வேறு எதைச் சொல்ல?

அந்தக் கிழமையே நிரோவை நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள். இப்போது இரவுச் செய்திக்கும் வருகிறாள். உன்னைப் போல எங்கேயோ ஒரு வீட்டில், டீவிக்கு மூக்குக்கு மூக்கு போய் இருக்கிற ஒருத்தி, அவளைப் பார்த்துக்கொண்டிருப்பாள்தானே? அவளுக்குப் பாதியல்ல, முழுக்க விளங்கவேண்டும் என்று நிரோ சொல்லுகிறாள். வாயையும் சேர்த்து அசைத்துத்தான் கை காட்டுகிறாள், வாயைப் பார்த்து வாசிக்கிறவர்களுக்காக. அதுவும் உன்னிடம் எடுத்ததுதான்.

இனி உன் படத்தின் கதை. சுவரில் நாலு ஓட்டையும் பல்லிளித்துக்கொண்டு இருந்தன. மருமகன் ஒரு யோசனை சொன்னார், பின்சுவரில் இருக்கிற நேசமாமியின் படத்தைக் கொண்டுவந்து டீவிக்கு மேலே மாட்டினால் ஓட்டை மறையும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் நான் விடவில்லை. டீவிக்கு மேலே இருந்தால் நீ எங்களைப் பார்ப்பாய், டீவியை எப்படிப் பார்ப்பாய்? ஓட்டைக்குச் சீமெந்து பூசச் சொல்லிவிட்டேன்.

அந்தப் படத்திலும் எனக்குப் பிடித்தமில்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது. முழித்துக்கொண்டு நிற்கிறாய், யாரோ கடன் கேட்டு வந்ததுபோல. நிரோவின் போனில் ஒரு படம் இருக்கிறது. நீ காதுச் சோணையைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிற படம். அவள் எடுத்தது. இதைத் தட்டுகிறபோது அவள் வாசிப்பாள்தானே, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனே நிரோ, போனில் அனுப்பாதே, எனக்கு அது கைக்குள் நிற்காது. நல்ல கடதாசியில் அடித்து, மடங்காமல் மட்டை வைத்துத் தபாலில் போடு. பெரிதாய் அடி.

அது வந்து சேர்ந்ததும் பின்சுவரில் இருந்து உன்னை எடுத்து, இடது பக்கத்துச் சுவரில், உன் இடத்துக்கு நேர் மேலே, பாயில் இருக்கிறவளின் கண் உயரத்தில் மாட்டுவேன். ஒரு பாய் தூரம், ஒரு விரலும் கூடாமல் குறையாமல். பிள்ளை வருகிற நேரம் உனக்கு முன்னால் ஒரு தலையும் மறைக்காது, மந்திரி வந்து நின்றாலும் தள்ளி இருக்கச் சொல்லுவேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

பக்கத்தில் என் தலையணையும் இருக்கும். உன் அண்ணன் எறிந்தால் இரண்டு பேருமாய்த் திரும்பி முறைப்போம்.

உன் கையை இன்னும் விடாத மச்சாள்,
கனகம்